திருத்திக்கு நாமே பாடம் சொல்லிக் கொடுக்கலாம்!

(மேக்ரோ, ஷெல் ஸ்கிரிப்ட் பற்றி ஒரு கணினிப் பாடம்)

 

போன மாத சுவர் இதழில் எட்டாம் வகுப்புத் தம்பி தேனீ பற்றி எழுதியிருந்தான். இந்த மாதம் நான் கணினி பற்றி எழுதுகிறேன். கேம்ஸ் இல்லை, படம் வரைவதும் இல்லை. எழுத்தை வைத்து வேலை செய்யும் ஒரு விஷயம். கொஞ்சம் பொறுமையாகப் படிங்க. கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன்.

ஒரு குறிப்பு: கணினியில் ஆங்கிலத்தில் தட்ட வேண்டியதை எல்லாம் இங்கே தமிழ் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். ‘செட்’ என்றால் எஸ், ஈ, டி மூன்று எழுத்தைத் தட்டணும். அப்படியே மற்றதும்.

1. உரைத்திருத்தி என்றால் என்ன?

கலர், பெரிய எழுத்து, படம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தை மட்டும் எழுதித் திருத்தும் மென்பொருள்தான் உரைத்திருத்தி, அதாவது டெக்ஸ்ட் எடிட்டர். நோட்பேட், ஜிஎடிட், விம், ஈமாக்ஸ் எல்லாம் இந்த வகை.

கணினியில் இருக்கிற மென்பொருள் என்றால் கடையில் வாங்கின ரெடிமேட் சட்டை மாதிரி, அது எப்படி இருக்கோ அப்படியே போட்டுக்கணும் என்று நிறைய பேர் நினைக்கிறோம். விம், ஈமாக்ஸ் போன்ற திருத்திகள் அப்படி இல்லை. தையலைப் பிரித்து நம்ம அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டு வழி இருக்கு. ஒன்று மேக்ரோ. இன்னொன்று ஷெல் ஸ்கிரிப்ட்.

எங்க அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியில்தான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு தொடங்கியது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் போட்டுக் கொடுத்தார்கள். அது சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. வீட்டில் அப்படி ஒரு மடிக்கணினி தூசி படிந்து கிடந்தால் எடுத்துத் துடைத்து வையுங்க.

2. மேக்ரோ: பார்த்துச் செய்யும் தங்கச்சி

நாம் கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற தங்கச்சி, அப்புறம் அதே மாதிரி போடுவாள் இல்லையா? மேக்ரோ அப்படித்தான். நாம் எந்தக் கீயை எந்த வரிசையில் அழுத்தினோம் என்று திருத்தி பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளும். ‘திரும்பச் செய்’ என்றால் அப்படியே செய்யும்.

விடுகதைப் பட்டியல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நானே உண்டாக்கிய இரண்டை உதாரணமாகத் தருகிறேன்.

கொடியில் பச்சை, களத்தில் கறுப்பு - மிளகு
வெள்ளைப் பூ, சிவப்புப் பழம், கறுப்புத் தண்ணி - காப்பி

இப்படி ஐம்பது வரி இருக்கு. விடை அதே வரியில் இருந்தால் படிக்கிறவர்கள் உடனே பார்த்துவிடுவார்கள். அதனால் விடையை அடுத்த வரிக்கு இறக்கணும். கையால் செய்தால் ஐம்பது தடவை. விம்மில் ஒரு தடவை செய்து காட்டினால் போதும். முதல் விடுகதையில் நின்றுகொண்டு இப்படிச் செய்யணும்:

முதல் படி: கியூ, ஏ அழுத்து. (‘ஏ’ என்ற பெட்டியில் பதிவு தொடங்கு என்று அர்த்தம்.)
இரண்டாம் படி: பூஜ்யம் அழுத்து. வரியின் தொடக்கத்துக்குப் போகும்.
மூன்றாம் படி: எஃப் அழுத்தி, பிறகு சிறுகோடு. முதல் சிறுகோட்டுக்குப் போகும்.
நான்காம் படி: ஆர் அழுத்தி, பிறகு என்டர். கோடு போய் அந்த இடத்தில் வரி உடையும்.
ஐந்தாம் படி: ஜே அழுத்து. அடுத்த விடுகதைக்கு இறங்கும்.
ஆறாம் படி: கியூ அழுத்து. பதிவு முடிந்தது.

இப்போது 49 என்று தட்டி, ‘அட்’ குறி, ஏ அழுத்தினால் மீதி 49 வரியும் கண் இமைக்கிற நேரத்தில் மாறிவிடும்!

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, இரண்டாம் படியும் ஐந்தாம் படியும்தான் மேக்ரோவுக்கு உயிர். எங்கே நின்றாலும் முதலில் வரியின் தொடக்கத்துக்கு வரணும். முடிக்கும்போது அடுத்த வேலை தொடங்குற இடத்தில் நிற்கணும். ரிலே ஓட்டத்தில் குச்சியைச் சரியான இடத்தில் கொடுப்பது மாதிரி. இரண்டு, கோடே இல்லாத ஒரு வரி வந்தால் மூன்றாம் படி தோற்றுப்போகும், மேக்ரோ அங்கேயே நின்றுவிடும். அது நல்லதுதான். தப்பான இடத்தை அது தானாக உடைக்காது. எது நடந்தாலும் யு அழுத்தினால் பழையபடி வந்துவிடும்.

ஈமாக்ஸில் இதே வேலைக்கு எஃப்3 அழுத்திப் பதிவு தொடங்கணும், எஃப்4 அழுத்தி முடிக்கணும். மறுபடி எஃப்4 அழுத்தினால் ஓடும்.

3. ஷெல்: பருப்பைச் சுற்றிய ஓடு

இயங்குதளத்தின் உள்பகுதிக்கு கெர்னல் என்று பெயர். அப்படியென்றால் பருப்பு. அதைச் சுற்றியிருந்து நாம் தட்டும் கட்டளையை வாங்கி உள்ளே கொண்டுபோவது ஷெல். அப்படியென்றால் ஓடு. பேர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்காங்க!

ஷெல்லில் சின்னச் சின்னக் கருவிகள் நிறைய இருக்கு. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலை செய்யும். ‘சார்ட்’ வரிகளை வரிசைப்படுத்தும். ‘கிரெப்’ தேடி எடுக்கும். ‘செட்’ ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடும். ‘டபிள்யூசி’ எண்ணிச் சொல்லும்.

இவற்றை ஒன்றோடு ஒன்று இணைக்கலாம். நம்ம ஊரில் காப்பி எப்படித் தயாராகுது? பழம் பறிக்கிறோம். மெஷினில் போட்டுத் தோல் நீக்குறோம். ஊறவைத்துக் கழுவுறோம். களத்தில் காயவைக்கிறோம். ஒரு இடத்தில் வெளியே வருவது அடுத்த இடத்தில் உள்ளே போகுது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதற்குப் பைப், அதாவது குழாய் என்று பெயர். டக் மக்கில்ராய் என்பவர் சொன்ன யோசனை இது. கென் தாம்ப்சன் 1973இல் யூனிக்ஸில் செய்து முடித்தார். நெட்டாக ஒரு கோடு போட்டால் போதும், இடப்பக்கக் கருவியின் வேலை வலப்பக்கக் கருவிக்குப் போய்விடும்.

இந்தக் கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால் அதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். மேக்ரோ நம் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. ஸ்கிரிப்ட் நாம் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்து வேலை செய்கிறது. சீட்டை அடுத்த வருடமும் வைத்துக்கொள்ளலாம், இன்னொருத்தருக்கும் கொடுக்கலாம்.

விம்முக்குள் இருந்துகொண்டே இந்தக் கருவிகளைக் கூப்பிடவும் முடியும். முக்காற்புள்ளி, சதவீதக் குறி, ஆச்சரியக்குறி, பிறகு கருவியின் பெயர். உடனே கோப்பின் எல்லா வரியும் அந்தக் கருவிக்குள் போய், மாறித் திரும்பி வந்து உட்காரும். திருத்திக்குப் புதுசாக ஒரு கை முளைத்த மாதிரி!

4. நம் ஊர்ப் பெயர் ஏன் புரியாமல் தெரிகிறது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பல வருடத்துக்கு முன்னாடி இங்கே படித்த அக்காக்கள், மலைமேல் இருக்கிற பாட்டி தாத்தாக்களிடம் கேட்டு விடுகதை, பழமொழி, ஊர்ப் பெயர்க் காரணம் எல்லாம் எழுதி வைத்தார்கள். ஒருத்தர் அதைக் கணினியில் தட்டிக் கொடுத்திருக்கார். எழுதின தாளைக் கரையான் தின்றுவிட்டது. சொன்னவர்களில் பல பேர் இப்போது உயிரோடு இல்லை. கோப்பு மட்டும்தான் மிச்சம். அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழே தெரியாது. என், ஆர், கே என்று ஆங்கில எழுத்தாக வரும்.

காரணம் என்ன தெரியுமா? அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் முகத்தை மட்டும் தமிழாக மாற்றினார்கள். ஜே தட்டினால் ‘த’ மாதிரி தெரியும். கே தட்டினால் ‘ம’ மாதிரி தெரியும். அரைப்புள்ளி தட்டினால் மெய்யின் புள்ளி. கணினிக்கு அது ஆங்கிலம்தான். முகமூடியை, அதாவது பாமினி எழுத்துருவை, எடுத்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

‘செம்மநத்தம்’ பாமினியில் இப்படி இருக்கும்: என், ஆர், கே, அரைப்புள்ளி, கே, ஈ, ஜே, அரைப்புள்ளி, ஜே, கே, அரைப்புள்ளி. நம்ம ஊர்ப் பெயரா இது!

அப்போது ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு முறை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதன் பிறகு தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியீடுகளும் அறிவிக்கப்பட்டன. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் யுனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் எல்லாரும் அதற்கு மாற ரொம்ப நாள் ஆனது. தமிழ்நாடு அரசு 2010இல்தான் யுனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. அதற்குள் எவ்வளவோ பேர் எவ்வளவோ தட்டி முடித்துவிட்டார்கள்.

இப்படி மாற்ற வேண்டிய வேலை நமக்கு மட்டும் வந்தது இல்லை. 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். திஸ்கி என்ற குறியீட்டில் இருந்த நூல்களைப் பிறகு யுனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். மாற்றுவதற்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர், ஓப்பன் தமிழ் போன்ற ஆயத்தக் கருவிகளும் இருக்கு. இருந்தாலும் நாமே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று புரியும்.

5. விதிகளை எழுதுவோம்

‘ஜே இருந்தால் த போடு, கே இருந்தால் ம போடு’ என்று வரிக்கு ஒரு விதியாக ஒரு கோப்பில் எழுதி, ‘செட்’ கருவியிடம் கொடுக்கலாம். அது மேலிருந்து கீழாக ஒவ்வொரு விதியாகச் செய்யும். சுலபம்தானே? சுலபம் இல்லை. தமிழ் எழுத்தில் ஒரு சங்கதி இருக்கு.

‘கெ’ எழுதும்போது கொம்பு முன்னாடி வருது. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முதலில் கொம்பு (என்), பிறகு க (எஃப்). யுனிகோடில் உச்சரிக்கிற வரிசையில், முதலில் க, பிறகு கொம்பு. அதனால் எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, இடத்தையும் மாற்றணும். ‘செட்’ கருவியில் அடைப்புக்குறிக்குள் ஒரு எழுத்தைப் பிடித்து வைத்து, பிறகு வேண்டிய இடத்தில் விடலாம். ‘என், பிடித்த எழுத்து’ என்று இருந்தால் ‘பிடித்த எழுத்து, கொம்பு’ என்று போடு. இந்த ஒரே விதி பதினெட்டு மெய் வரிசைக்கும் வேலை செய்யும்!

அடுத்து ‘கொ’. பாமினியில் அது கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு: என், எஃப், எச். இதற்குத் தனி விதி வேணும். அந்தப் பெரிய விதியை மேலே எழுதணும், சின்ன விதியைக் கீழே எழுதணும். சின்னது முதலில் ஓடினால் என்ன ஆகும்? ‘கொடி’ என்பதில் முதலில் ‘கெ’ ஆகிவிடும், பிறகு தனியாக ஒரு கால் ஒட்டிக்கொள்ளும். திரையில் பார்த்தால் ‘கொ’ மாதிரியேதான் இருக்கும். ஆனால் உள்ளே ‘ஒ’கரக் குறி என்ற ஒற்றை எண் இல்லை, கொம்பும் காலும் இரண்டு எண்ணாக இருக்கும். ‘கொடி’ என்று கிரெப் போட்டுத் தேடினால் கிடைக்காது. கண் ஏமாந்துவிடும், கணினி ஏமாறாது.

ஆகவே பாடம்: பெரிய விதி மேலே, சின்ன விதி கீழே.

6. வெள்ளக்கடை சிக்கல்

நம்ம பக்கத்து ஊராட்சி வெள்ளக்கடை இருக்கு இல்லையா, அதுதான் இந்தப் பாடத்தில் ரொம்பக் கஷ்டமான கேள்வி.

‘கௌரி’ என்ற பெயரில் வரும் ‘கௌ’வைப் பாமினியில் கொம்பு, க, ள என்று தட்டுவார்கள். ஔகாரக் குறியின் பின்பாதியும் ‘ள’வும் பார்க்க ஒரே மாதிரி. அதனால் ‘கொம்பு, எழுத்து, ள என்று வந்தால் ஔகாரமாக்கு’ என்று விதி எழுதுவோம். கௌரி சரியாகிவிடும். ஆனால் வெள்ளக்கடையிலும் கொம்பு, வ, ள என்றுதானே வருது! அது ‘வௌ’ என்று ஆகி, அதன் தலையில் ஒரு புள்ளியும் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளை, வெளி, தெளிவு எல்லாமே கெட்டுப்போகும்.

இதற்கு ஒரு வழி: ‘ள’வுக்கு அடுத்து புள்ளியோ விசிறியோ வந்தால் அது உண்மையான ‘ள’ என்று ஒரு விதியை எல்லாவற்றுக்கும் மேலே எழுதணும். ஔகாரத்துக்குப் பிறகு புள்ளி வரவே வராது என்பது தமிழ் இலக்கணம். கணினிக்கு இலக்கணம் தெரியாது, நாம்தான் சொல்லிக் கொடுக்கணும். இதை எழுதும்போதுதான் தமிழ் ஐயா நடத்தின எழுத்தியல் பாடம் இங்கேயும் வேலைக்கு ஆகுது என்று எனக்குப் புரிந்தது.

அப்படியும் சில சொல்லில் சந்தேகம் மிஞ்சும். அதற்கு ஸ்கிரிப்டின் கடைசியில் ஒரு கிரெப் வரி போடணும். ஔகாரம் வருகிற வரிகளை மட்டும் தனியாக எடுத்துக் காட்டும். அவற்றை ஒரு மனிதர் படித்துத்தான் முடிவு செய்யணும்.

முழு ஸ்கிரிப்ட் நான்கே வரிதான்:

முதல் வரி: ஷெல் எங்கே இருக்கு என்று சொல்லும் வரி. (ஹேஷ், ஆச்சரியக்குறியில் தொடங்கும்.)
இரண்டாம் வரி: ‘சிபி’ போட்டு மூலக் கோப்புக்கு ஒரு நகல்.
மூன்றாம் வரி: ‘செட்’ விதிக் கோப்பைப் படித்து நகலை மாற்றிப் புதுக் கோப்பில் எழுதும்.
நான்காம் வரி: ‘கிரெப்’ சந்தேக வரிகளைக் காட்டும்.

‘சிமாட்’ என்ற கட்டளையால் இதற்கு ஓடும் அனுமதி கொடுத்தால் தயார். இரண்டாம் வரியை மட்டும் யாரும் விட்டுடாதீங்க. மூலக் கோப்பின் மேலேயே எழுதக் கூடாது. அந்தப் பாட்டிமார் திரும்ப வந்து சொல்லப் போவதில்லை.

7. எச்சரிக்கை!

மேக்ரோ நல்ல வேலைக்காரன். ஆனால் யார் சொன்னாலும் செய்வான். 1999 மார்ச்சில் மெலிசா என்ற வைரஸ் வேர்ட் கோப்புக்குள் மேக்ரோவாக ஒளிந்து வந்தது. திறந்ததும், முகவரிப் பட்டியலில் இருக்கிற முதல் 50 பேருக்குத் தானே மின்னஞ்சல் அனுப்பியது. இணையத்தில் இருந்து வரும் கோப்புகளில் மேக்ரோவை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தானாகவே தடுத்து வைக்கிறது. யாரோ கொடுத்த ஸ்கிரிப்டையும் படித்துப் புரியாமல் ஓட்டாதீங்க.

உங்களுக்குத் தெரியுமா?

★ ஈமாக்ஸ் என்ற பெயரே ‘எடிட்டர் மேக்ரோஸ்’ என்பதன் சுருக்கம். 1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஆளுக்கு ஒன்றாக வைத்திருந்த மேக்ரோக்களை ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் ஒன்று சேர்த்தபோது பிறந்தது.

★ விம் திருத்தியை 1991இல் வெளியிட்டவர் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார். அது இலவசம். பிடித்திருந்தால் உகாண்டாவில் கிபாலே என்ற ஊரின் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று அதில் எழுதி வைத்தார். அவர் 2023 ஆகஸ்டில் காலமானார்.

★ ‘செம்மநத்தம்’ நமக்கு 7 எழுத்து. யுனிகோடில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் கணினிக்கு 11. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 33 பைட்!

★ அவரை, அழகு, அளவு: இதுதான் அகராதி வரிசை. யுனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் அளவு, அழகு, அவரை என்று தலைகீழாக வரும். அங்கே ள, ழ, வ என்று எண் கொடுத்திருக்காங்க.

பயிற்சி

அ) ‘வகுப்பு எண், பெயர்’ என்று காற்புள்ளி போட்டு இருக்கும் பட்டியலில் பெயரை அடுத்த வரிக்கு இறக்க மேக்ரோவின் எந்தப் படியை மாற்றணும்?
ஆ) ‘கை’ பாமினியில் ஐகாரக் குறி, க என்ற வரிசையில் இருக்கும். இதற்கு விதி எழுதுங்கள்.
இ) ‘கோ’வுக்கு உரிய விதி ‘கே’வுக்கு உரிய விதிக்கு மேலே வரணுமா, கீழே வரணுமா? ஏன்?

விடையைத் தாளில் எழுதி இந்த இதழுக்குக் கீழே மாட்டியிருக்கும் உறையில் போடுங்க.

ஒரு வேண்டுகோள்

அக்காக்கள் விட்டுப்போன கோப்பு இப்போது பாதிக்கு மேல் தமிழாகிவிட்டது. ‘செம்மநத்தம்’ சரியாகத் தெரியுது. ஆனால் அதில் நம்ம மலைப் பேச்சுச் சொற்கள் நிறைய இருக்கு. எந்த அகராதியிலும் நான் பார்க்காத சொற்கள். சாமைக் கதிரடிக்கிறதுக்கு ஒரு சொல், மழைக்கு முன்னாடி வரும் காற்றுக்கு ஒரு சொல். அது தட்டச்சுப் பிழையா, உண்மையான சொல்லா என்று எந்த ஸ்கிரிப்டாலும் சொல்ல முடியாது. வீட்டில் பாட்டி, தாத்தா இருக்கிறவர்களால்தான் முடியும்.

அதனால் சந்தேக வரிகளைக் கையால் எழுதி ஒரு நோட்டில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் யார் வேண்டுமானாலும் வந்து பத்து வரி வாங்கிக்கொண்டு போங்க. வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டுங்க. ‘ஆமா, நாங்க அப்படித்தான் சொல்லுவோம்’ என்று பாட்டி சொன்னால் ஒரு டிக் போட்டு, அர்த்தத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு வாங்க. அர்த்தத்தோடு சேர்த்து அடுத்த இதழில் போடலாம்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி,
செம்மநத்தம்.